முதலாண்டு அரசியல் அறிவியல்: சொல்லிலேயே தொடங்கும் தவறுகள்

பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்தவுடன் முதல் பருவத் தாள் எளிதாகத்தான் தோன்றும். தேர்தல், கட்சி, சட்டமன்றம் எல்லாம் தினமும் செய்தியில் பார்ப்பவை. மதிப்பெண் குறைவதும் பெரும்பாலும் அதனால்தான். தெருவில் பேசும் சொல்லே பாடத்தில் வேறு பொருளில் வருகிறது.

'அரசு' என்ற சொல்லையே பாருங்கள். அரசுப் பேருந்து, அரசு வேலை என்னும்போது நாம் அரசாங்கத்தைத்தான் சொல்கிறோம். பாடத்திலோ மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (தனக்கு மேல் வேறு அதிகாரம் இல்லாத உச்ச அதிகாரம்) ஆகிய நான்கும் சேர்ந்ததே அரசு. அரசாங்கம் அதில் ஒரு கூறு. தேர்தலில் மாறுவது அரசாங்கம். அரசு அப்படியே இருக்கும். தமிழ்நாட்டுக்கு முதல் மூன்று கூறுகளும் உண்டு, இறையாண்மை இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்று அழைத்தாலும், இந்த வரையறைப்படி அது மாநிலமே தவிர அரசு அல்ல. இதே விடையில் குறள் சொல்லும் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆறையும் கூறுகளாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அவை மன்னனுக்கு வேண்டியவை. கேள்வி நவீன அரசைப் பற்றியது என்றால் அவற்றுக்கு முன்னுரையில் ஒரு வரி போதும்.

அடிப்படை உரிமைகள் பாடத்துக்கு வந்ததும் அதே சொல் மறுபடி பொருள் மாறும். அரசமைப்பின் 12-வது பிரிவின்படி 'அரசு' என்பதில் நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம், ஒன்றிய, மாநில அரசாங்கங்கள், உள்ளாட்சி அமைப்புகள், பிற அதிகார அமைப்புகள் எல்லாம் அடங்கும். நகராட்சி உங்கள் உரிமையைப் பறித்தால் நீதிமன்றம் போகலாம் என்பது இந்த வரையறையால்தான். இரண்டு வரையறைகளையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல், கைடுக்குக் கைடு சொல் மாறுவது. பிரிவு, உறுப்பு, விதி, ஷரத்து நான்கும் ஒரே 'ஆர்ட்டிகிள்'. அரசியலமைப்பு, அரசமைப்பு, அரசியல் சாசனம் மூன்றும் ஒன்றே. ஆனால் 'பகுதி' (பார்ட்) வேறு, 'அட்டவணை' (ஷெட்யூல்) வேறு. அடிப்படை உரிமைகள் இருப்பது மூன்றாம் பகுதியில். மூன்றாம் பிரிவு புதிய மாநிலங்களை உருவாக்குவது பற்றியது. ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு தாள் முழுவதும் அதையே எழுதுங்கள்.

சீனியரிடம் வாங்கிய பழைய ஜெராக்ஸ் நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். அடிப்படை உரிமைகள் ஏழு என்று அதில் இருக்கலாம். சொத்துரிமையை 1978-இன் 44-வது திருத்தம் நீக்கிவிட்டதால் இப்போது ஆறு. அடிப்படைக் கடமைகள் பத்து என்றிருந்தால், 2002-இல் 86-வது திருத்தம் சேர்த்த பதினொன்றாவது விடுபட்டிருக்கிறது. அட்டவணைகள் தொடக்கத்தில் 8, இன்று 12.

வழிகாட்டு நெறிமுறைகளுக்கு, அதாவது ஆட்சி நடத்துவதில் அரசு பின்பற்ற வேண்டியவை என்று அரசமைப்பு சொல்லும் நெறிகளுக்கு வருவோம். 'நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது, எனவே பயனில்லை' என்று முடிப்பது பலர் செய்யும் பிழை. முதல் பாதி சரி, 37-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இரண்டாம் பாதிக்கு அன்றைய சென்னை மாநிலத்திலேயே மறுப்பு இருக்கிறது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத அடிப்படையில் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை, மாநில அரசு ஒரு நெறிமுறையை ஆதாரமாகக் காட்டியும், உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நெறிமுறைகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை என்றும் சொன்னது. அதே ஆண்டு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது, பின்தங்கியோருக்கான சிறப்பு ஏற்பாடுகளுக்கு வழி பிறந்தது. நீதிமன்றத்தில் தோற்ற ஒரு நெறி அரசமைப்பையே திருத்த வைத்தது. இந்த நிகழ்வை வரிசையாக எழுதினால் விடையே உயர்ந்துவிடும்.

சிந்தனையாளர்களில் அரிஸ்டாட்டில் மக்களாட்சியைப் புகழ்ந்தார் என்று எழுதாதீர்கள். அவருடைய ஆறு வகைப் பாகுபாட்டில் பலர் ஆளும் நல்ல வடிவம் 'பாலிட்டி'. மக்களாட்சி அதன் திரிந்த வடிவம். மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அரசு பிறந்தது என்ற ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் ஒரே குட்டையில் கலக்கிவிடுவதும் வழக்கம். ஹாப்ஸுக்கு இயற்கை நிலை (அரசு தோன்றுவதற்கு முந்தைய நிலை) போர் நிலை, இறையாண்மையாளர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. லாக்குக்கு அது பெரிதும் அமைதியான நிலை, குறை பொது நீதிபதி இல்லாததுதான். ரூசோவின் 'பொது விருப்பம்' பெரும்பான்மை ஓட்டு அல்ல. பொது நலனை நோக்கியது. இதைப் பிழையாக எழுதினால் ரூசோ விடை முழுதும் சரிந்துவிடும்.

ஆளுநர் பற்றிக் கேட்டால் கட்சி மேடைப் பேச்சு வேண்டாம். மசோதா வந்தால் 200-வது பிரிவு தரும் வழிகளை முதலில் எழுதுங்கள்: ஒப்புதல் தருவது, பண மசோதா அல்லாததற்கு ஒப்புதலை நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கிவைப்பது. உங்கள் கருத்து அதற்குப் பிறகு, காரணத்தோடு வரட்டும்.

கடைசியாக நேரம். 3 மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. மூன்று வரி போதும். பத்து மதிப்பெண்ணுக்கு 24 நிமிடம். அதில் முதல் 3 நிமிடத்தை உட்தலைப்புகளைக் குறிக்க ஒதுக்குங்கள். சின்னக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தான் கடைசிப் பத்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாதிரித் தாள் வேறாக இருந்தால் அதே கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள்.