எல்பியா, சிடியா? முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள்

ஒரே ஆல்பத்தின் எல்பியையும் (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டு) சிடியையும் ஒப்பிடும் முன், இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கைப்பேசியில் இலவச டெசிபல் மீட்டர் செயலி ஒன்று போதும். பாட்டின் அதே இடத்தை இரண்டிலும் ஓடவிட்டு, வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் கீழே வரும்வரை வால்யூமைத் திருகுங்கள்.

கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே காது ‘நல்ல ஒலி’ என்று நம்பிவிடும் என்பதுதான் காரணம். 1990களுக்குப் பிறகு வந்த பல சிடிக்களில், மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கி மொத்தச் சத்தத்தையும் ஏற்றியிருப்பார்கள். சும்மா போட்டுக் கேட்டால் அதுதான் ஜெயிக்கும். சமமாக்கியபின் மிருதங்கத்தின் அடி எதில் துடிப்பாக விழுகிறது என்று கவனியுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த செட்டிநாட்டு வீட்டில் கேட்பவர்கள் உட்காரும் இடத்தை மாற்றவே கூடாது. கெட்டித் தரையும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், இரண்டடி நகர்ந்தாலே பாஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) கூடும், குறையும். கைப்பேசியும் காதுப் பக்கமே இருக்கட்டும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய தட்டு கீறலாகவோ தேய்ந்தோ இருந்தால் இந்த வித்தை உதவாது. அங்கே நீங்கள் கேட்பது தட்டின் உடல்நிலையை, பதிப்பின் தரத்தை அல்ல. ஊசி தேய்ந்திருந்தாலும் அதே கதைதான். அப்புறம், ஒன்று மோனோ (ஒரே தடத்தில் ஒலி), மற்றொன்று ஸ்டீரியோ (இடம், வலம் என இரு தடம்) என்றால் ஒப்பீடே வேண்டாம். பெரும்பாலும் இரண்டின் ஒலிக்கலவையே வேறு.