டர்போ காரில் மைலேஜ் தேற்றுவது எப்படி?

டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் கருவி) உள்ள காரை வாங்கிவிட்டு மைலேஜ் கேட்கிறாயா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலில் வலது காலை அடக்குங்கள். சென்னை ஓஎம்ஆர் சாலையில் அடுத்த சிக்னல் சிவப்பு என்று தூரத்திலேயே தெரிந்தால், நியூட்ரலுக்குத் தள்ளாமல் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மட்டும் எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருளும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில் என்றால் ஐடிலிங்குக்கு, அதாவது இன்ஜின் சும்மா ஓடுவதற்கு, குடித்துக்கொண்டே இருக்கும். டர்போ முழுசாக ஊதும் அளவுக்கு மிதிக்காமல் சீக்கிரமே மேல் கியருக்குப் போங்கள். ஈசிஆர் சாலை காலியாகக் கிடைத்தால்? சரி, அன்றைக்கு மட்டும் மைலேஜை மறந்துவிடலாம்.

அப்புறம் டயர் காற்று. பல கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் அளவு ஒட்டியிருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். மே மாத வெயிலில் ஏசியை அணைக்கச் சொல்ல மனசு வரவில்லை, கண்ணாடியை இறக்கி அனலை விரட்டிவிட்டுப் போடுங்கள்.