சொல்லியாச்சு, சரி. யாரிடம்?

போன மாதம் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவி ஒருவர், டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் நோயாளியின் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு ஷுகர் மாத்திரை மாத்தியிருக்காங்க. ஊர்ல நர்சம்மா வந்தா சொல்லிடுங்கண்ணா." எனக்கு என்னுடைய முதல் வருடம் கண்முன் வந்து நின்றது. 14 வருடமாக மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அவர் செய்ததை நான் எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்போது செய்கிற தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நேரத்துக்கு வாருங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ரவுண்ட்ஸ் நடுவே போய் நிற்பது

பெரிய டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகரும்போது பின்னாலேயே ஓடாதீர்கள். சிஸ்டரிடம் கேளுங்கள். பாதிக் கேள்விக்கு விடை அவரிடமே இருக்கும்.

"சொல்லியாச்சு" என்று விட்டுவிடுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன், தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவர் நான் அப்போது இருந்த மருத்துவமனையில் படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது, லேடெக்ஸ் வகை. அந்த வகையை வழக்கமாக 2 முதல் 4 வாரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். முழு சிலிக்கான் குழாய் என்றால் 12 வாரம் வரை விடலாம், விலைதான் கூடுதல்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் "சி.பி.டி. சேஞ்ச் 3/52" என்று ஆங்கிலத்தில் எழுதினார். சி.பி.டி. என்றால் இந்தச் சிறுநீர்க் குழாய்தான். வருடத்துக்கு 52 வாரம், அதில் 3. அதாவது, மூன்று வாரத்தில் குழாயை மாற்றவும். டாக்டர்களுக்குள் புழங்குகிற சுருக்கெழுத்து இது. அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான ஒன்பதாம் வகுப்பு மகள், ஏதோ பின்னக் கணக்கு என்று நினைத்திருக்கிறாள்.

ஸ்டாஃப் நர்ஸ் அவர் மனைவியிடம், "மூணு வாரத்துல வந்து மாத்திக்கங்கம்மா" என்றார். ஊர் 60 கிலோமீட்டர். உட்கார முடியாதவரை வண்டி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அந்த அம்மா தலையாட்டினார்.

நான் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டேன். மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை மனு, வீல்சேர் என்று அரைமணி நேரம் பேசினேன். குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை. அது 'மருத்துவ விஷயம்', நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் ஒரு டிரஸ்ட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போன பிசியோ, பையில் சிறுநீர் கலங்கலாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். நர்சுக்குத் தெரிந்திருக்கும் என்று கிளம்பிவிட்டார்.

ஏழாவது வாரம் குளிர்காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழற்றிய குழாயின் நுனியில் சுண்ணாம்பு பூசியது போல உப்புப் படிந்திருந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. 11 நாள் படுத்துப் பிழைத்தார். அந்த அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது போனதுதான்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அப்புறம் நடந்த கூட்டம். டாக்டர் "எழுதியாச்சு" என்றார். சிஸ்டர் "சொல்லியாச்சு" என்றார். நானும் கூசாமல் "போன் பண்ணியாச்சு" என்றேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. தமிழில் இந்த 'ஆச்சு' இருக்கிறதே, அதில் ஆளே கிடையாது. யார் சொன்னது, யாரிடம், கேட்டவர் சரி என்றாரா, ஒன்றும் தெரியாது. நான்கு பேர் கவனித்த அந்த நோயாளிக்குக் குழாய் மாற்றும் வேலை ஒருவர் பெயரிலும் இல்லை.

இப்போதெல்லாம் வாரக் கணக்கு எழுத மாட்டேன். காலண்டர் தேதியை, தமிழில், தனித் தாளில் எழுதிக் கொடுப்பேன். யார் மாற்றுவார், எங்கே, குழாய் என்ன அளவு, அந்த அளவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்பதும் அதிலேயே வரும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின் நர்சும் பிசியோவும் வீட்டுக்கே வருகிறார்கள். எந்த வீட்டுக்கு, எதற்கு என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

போனில் பேசி முடித்ததும், "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், ஒரு தடவை நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்பேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. குறித்த தேதிக்கு மறுநாள் இன்னொரு போன்.

டாக்டரிடம் கதை சொல்வது

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல எஸ்.பி.ஏ.ஆர். என்று ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது என நான்கு படி. நம் ஆட்கள் இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சொத்துத் தகராறு, மூத்த மருமகள் என்று போய்க்கொண்டே இருக்கும், டாக்டர் ஓ.பி.க்குக் கிளம்பிவிடுவார். முறைப்படி கடைசியில் வர வேண்டியதுதான், இருந்தாலும் நான் நான்காவதை முதலில் சொல்லிவிடுவேன்: "சார், இவரை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், திங்கள் வரைக்கும் வீட்டில் ஆள் இல்லை."

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போவது

நீல டிக் பதில் ஆகாது.

நோயாளி முன்னால் வாக்குவாதம்

வேண்டாம்.

பிசியோவைக் கேட்காமல் வீல்சேர்

நான் போனில் அரைமணி நேரம் பேசினேனே, அதே வீல்சேர்தான். அலைந்து வாங்கிக் கொடுத்தேன். வாசல் எவ்வளவு அகலம் என்று, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே போயிருந்த பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அங்குலம் இடித்தது. கடைசியாக நான் அங்கே போனபோது அது திண்ணையில் நின்றது. இருக்கையில் மிளகாய் காய வைத்திருந்தார்கள்.