ஸ்கூட்டரின் வேகம் பெல்ட் பெட்டியில் இருக்கிறது: கியரில்லா மோட்டாரைப் பந்தயத் தடத்துக்குத் தயார்செய்யும் முறை

கோலாலம்பூரில் கியரில்லா ஸ்கூட்டர் வைத்திருக்கும் இளைஞர் அதை வேகமாக்க வேண்டும் என்று பட்டறைக்குப் போனால், பெரிய பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), புகைக்குழாய், ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஆகிய மூன்றும்தான் முதலில் காதில் விழும். மூன்றும் ரிங்கிட்டை விழுங்குபவை. இவற்றை எல்லாம் பூட்டிய பிறகும், தொடக்கத்தில் திணறி, நடுவில் உறுமி, கடைசியில் பழைய வேகத்திலேயே நிற்கும் மோட்டார்கள் செந்தூலிலும் கெப்போங்கிலும் ஏராளம். இஞ்சின் உண்டாக்கும் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் பெட்டி ஒழுங்காக அமையாதவரை இஞ்சினில் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இவ்வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தப் பெட்டியைப் பற்றியதே.

பெட்டிக்குள் நடப்பது என்ன

இஞ்சினின் இடப்பக்கத்து மூடியைத் திறந்தால் முன்னே ஒரு புல்லியும் பின்னே ஒரு புல்லியும் அவற்றை இணைக்கும் ரப்பர் பெல்ட்டும் தெரியும். முன்புல்லியின் வெளித்தட்டு நிலையானது, உள்தட்டு நகரக்கூடியது. உள்தட்டின் முதுகில் பெரும்பாலான மோட்டார்களில் ஆறு ரோலர்கள் இருக்கும். இஞ்சின் வேகமாகச் சுழலும்போது அவை வெளிநோக்கித் தள்ளப்பட்டு, உள்தட்டை வெளித்தட்டின் பக்கம் நெருக்க, இடையிலுள்ள பெல்ட் மேலேறுகிறது. அதே நேரத்தில் பின்புல்லியில் உள்ள பெரிய ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பெல்ட் அங்கே உள்ளிறங்குகிறது. சிறிய கியரிலிருந்து பெரிய கியருக்கு மாறுவதற்கு ஒப்பான இந்த மாற்றம் இடைவெளியின்றி நடப்பதுதான் இவ்வமைப்பின் சிறப்பு.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் புறப்படும்போது இஞ்சின் தன் உச்ச சக்தியைத் தரும் சுழற்சிக்கு விரைவாக ஏற வேண்டும்; பிறகு மோட்டாரின் வேகம் கூடிக்கொண்டே போனாலும், பெல்ட் முழுவதும் மேலேறும் வரை சுழற்சி அந்த அளவிலேயே நிற்க வேண்டும். யமஹா என்விஎக்ஸ் 155க்கு அந்த உச்சம் 8000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 8000 சுற்று. மற்ற மோட்டார்களுக்கு உரிமையாளர் கையேட்டின் தொழில்நுட்ப அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம். சுழற்சி அதற்குக் கீழேயே தங்கினால் ரோலர் கனம். அதைத் தாண்டி உறுமினால் ரோலர் இலேசு. மோட்டாரில் சுழற்சிமானி இல்லையென்றால், பிளக் வயரைச் சுற்றிக் கட்டும் வகைச் சிறிய மானி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். காதை மட்டும் நம்பி அமைப்பவர்கள் பெரும்பாலும் இலேசான ரோலரிலேயே முடிக்கிறார்கள். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எண்ணிவிடுவதுதான் காரணம்.

ரோலர், ஸ்பிரிங், பெல்ட்

புதிய ரோலர் வாங்குவதற்கு முன் பழையவற்றை வெளியே எடுத்து, மூக்கில் முகக்கவசத்துடன் பெல்ட் தூசியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்த ரோலர் நழுவுமே தவிர உருளாது. பிறகு 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரே பெட்டியில் வந்த ரோலர்களுக்குள் எடை வேறுபாடு இருந்தால், எத்தனை நாள் அமைத்தாலும் மோட்டார் ஒழுங்காக ஓடாது. நிறுத்த எடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லா மாற்றத்துக்கும் அந்த எண்தான் அடித்தளம்.

மாற்றும்போது ஒரு ரோலருக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் குறைக்க வேண்டாம். அரை கிராம் வேறுபாடு தேவைப்பட்டால், மூன்று ரோலர் ஓர் எடையிலும் மூன்று அடுத்த எடையிலும் எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கலாம். உருளைக்குப் பதிலாகச் சறுக்கும் வகைத் துண்டுகளைப் போடுவோர், அவை எந்தப் பக்கம் நோக்கி உட்கார வேண்டும் என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் புல்லி முழுவதும் மூடாது. ரோலர் ஓடும் தடத்தில், கையேடு சொன்னாலன்றி, கிரீஸ் பூசக் கூடாது. பூசினால் தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

அடுத்தது பேனாச் சோதனை. இதைவிடச் சிக்கனமான, இதைவிட உண்மையான கருவி எனக்குத் தெரியாது. முன்புல்லியின் வெளித்தட்டில், பெல்ட் உரசும் முகத்தை பிரேக் கிளீனரால் துடைத்து, நடுவிலிருந்து விளிம்பு வரை நேர்க்கோடாக மார்க்கர் பேனாவால் கோடிடுங்கள். மூடியைப் பூட்டி, பந்தயத் தடத்தில் நீண்ட நேர்வழியில் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, பெட்டி ஆறியதும் திறந்து பாருங்கள். பெல்ட் உரசிய இடமெல்லாம் மை அழிந்திருக்கும். விளிம்போரம் மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு கியரை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. ரோலர் மிக இலேசாக இருக்கலாம். பின்ஸ்பிரிங் மிகக் கடினமாக இருக்கலாம். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம். நேர்வழியே போதாமலும் இருந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டு இச்சோதனையைச் செய்தால் பயனில்லை. சுமை இல்லாதபோது பெல்ட் சுலபமாக மேலேறி, பொய்யான நம்பிக்கையைத் தரும்.

பின்புல்லியின் பெரிய ஸ்பிரிங் கடைகளில் 1000, 1500, 2000 என்ற எண்களோடு விற்கப்படுகிறது. எண் கூடினால் ஸ்பிரிங் கடினம் என்பதுதான் பொருள். அத்தனை ஆர்பிஎம் கூடிவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடினமான ஸ்பிரிங், வளைவிலிருந்து வெளியே வரும்போது பெல்ட்டை விரைவாகக் கீழ் விகிதத்துக்கு இழுத்துத் தரும். ஆனால் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதால் வெப்பமும் தேய்மானமும் கூடும். 125, 155 சிசி மோட்டாரில் இஞ்சின் மாற்றமின்றி 2000 போடுவது தேவையற்றது. பின்புல்லியோடு சேர்ந்து, இழுவையைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிளட்சில் உள்ள மூன்று சிறிய ஸ்பிரிங்குகள் வேறு வேலையைச் செய்கின்றன: எந்தச் சுழற்சியில் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. சற்றுக் கடினமானவை பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் உதவும். அதே மோட்டாரை மாலை ஆறு மணிக்கு ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஊர்ந்து ஓட்டினால், கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறி, அதை மூடியிருக்கும் ஹவுசிங்கின் உட்புறம் நீலம் பாய்ந்துவிடும். தினமும் வேலைக்கு ஓட்டும் மோட்டாராக இருந்தால் கிளட்ச் ஸ்பிரிங்கைத் தொடாமல் விடுவதே நல்லது.

பூட்டும்போது நேரும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால் ஒரே நாளில், முன்புல்லி உட்காரும் கிராங்க் தண்டின் பற்கள் நாசமாகிவிடும். முன்புல்லியின் நட்டை இறுக்குவதற்கு முன், பின்புல்லியின் இரு தட்டுகளையும் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அழுத்தித் தள்ளுங்கள். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து, வெளித்தட்டு உள்ளே வரை சென்று சரியாக உட்காரும். இதைச் செய்யாவிட்டால் தட்டுகளுக்கிடையில் பெல்ட் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகியதுபோலத் தோன்றும். ஆனால் அது பெல்ட்டின் மேல்தான் இறுகியிருக்கும். ஓடத் தொடங்கியதும் பெல்ட் நகர, நட்டு தளர்ந்து, தட்டு ஆடி ஆடிப் பற்களைத் தின்றுவிடும். புல்லியைப் பிடிக்கும் கருவியும் டார்க் ரென்ச்சும் கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். காற்றழுத்தத்தால் நட்டைத் திருகும் துப்பாக்கியால் கழற்றலாம்; இறுதி இறுக்கத்துக்கு அதை நம்பக் கூடாது.

பட்டறையில் கொடுத்துச் செய்பவர்கள், "அண்ணே, கொஞ்சம் பாய்ச்சலா வச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதைவிட, "இப்போ இத்தனை கிராம் இருக்கு, ஒரு கிராம் குறைச்சுப் பாருங்கண்ணே, பழைய ரோலரைத் திருப்பிக் கொடுத்திடுங்க" என்று கேட்பது நல்லது. நல்ல பட்டறைக்காரர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்; விவரம் தெரிந்த வாடிக்கையாளரிடம்தான் அவரும் மனம்விட்டுப் பேசுவார்.

இஞ்சின்

பெல்ட் பெட்டி அமைந்த பிறகும் சக்தி போதவில்லை என்றால் இஞ்சினுக்குப் போகலாம். அளவு கணக்கைப் பட்டறைக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே போட்டுப் பாருங்கள்: பிஸ்டன் விட்டத்தின் வர்க்கத்தை 0.7854ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் தூரத்தால் மீண்டும் பெருக்கினால் கொள்ளளவு வரும்; மில்லிமீட்டரில் கணக்கிட்டால், விடையை ஆயிரத்தால் வகுத்தால் சிசி கிடைக்கும். என்விஎக்ஸின் 58 மில்லிமீட்டர் விட்டமும் 58.7 மில்லிமீட்டர் ஓட்டமும் 155 சிசி தருகின்றன; 63 மில்லிமீட்டர் பிளாக் போட்டால் 183 சிசி ஆகிவிடும். ஆறில் ஒரு பங்குக்கும் அதிகமான இந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் உருகும். ஆகவே பிளாக் மாற்றினால் இன்ஜெக்டர், ஈசியு அமைப்பு, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் காற்று எரிபொருள் விகித அளவீடு ஆகியவை சேர்ந்தே வர வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் அந்த விகிதம் 12.5இலிருந்து 13 வரை, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று, இருப்பது பாதுகாப்பானது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் மடங்கான அழுத்த விகிதத்தை உயர்த்தியவர்கள் ரான் 95 பெட்ரோலை விட்டு 97க்கு மாற வேண்டும்.

சாலையில் ஓடும் மோட்டாருக்குப் பெரிய பிளாக் வேண்டாம் என்பேன். கிரானில் (மோட்டாரின் பதிவு ஆவணத்தில்) எழுதியுள்ள சிசி ஒன்று, இஞ்சினில் உள்ளது வேறொன்று என்றால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனையிலும் விபத்துக்குப் பின் காப்புறுதிக் கோரிக்கையிலும் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கே ஓட்டுவது

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் நடத்துவதைத் தடை செய்கிறது. அபாயகரமாக ஓட்டுவதற்கான 42ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 ரிங்கிட்டிலிருந்து 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படலாம். சட்டத்தை விடுங்கள், இரவில் நெடுஞ்சாலையில் ஓடிய ஓட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம்மவர்களிடையே உண்டு. இந்தப் பொழுதுபோக்கை நேசிப்பவர்கள் அதைத் தடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தடம் இருந்தவரை கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தடம் பக்கத்திலேயே இருந்தது. இன்று அது இல்லை. 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் அனைத்துலகத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட தடத்தில் சிறிய ஸ்கூட்டருக்கு உச்ச வேகம்தான் எல்லாம் என்பதால் சற்றுக் கனமான ரோலர் பொருந்தும். தொடங்குவோருக்குக் கோ-கார்ட் தடங்களே ஏற்றவை. அங்கே வளைவுகள் நெருக்கமாக வருவதால் இலேசான ரோலரும் ஒரு படி கடினமான பின்ஸ்பிரிங்கும் பயன் தரும். போட்டியில் சேர எண்ணுபவர்கள் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் உரிமம் தேவையா என்பதையும், தங்கள் பிரிவில் எந்தெந்த மாற்றத்துக்கு இடமுண்டு என்பதையும் விதிநூலில் படித்த பிறகே செலவு செய்ய வேண்டும்.

தடத்துக்குப் போகும் மோட்டாரில் கண்ணாடிகளும் ஸ்டாண்டும் கழற்றப்பட வேண்டும். விளக்குகளை டேப்பால் மூட வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டுக் கம்பியால் கட்ட வேண்டும். நீரால் குளிரும் இஞ்சினில் பச்சைக் கூலண்டை வடித்துவிட்டு வெறும் நீர் ஊற்றுவது வழக்கம், ஏனெனில் அது தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். பிரேக் பேட், பிரேக் எண்ணெய், டயர் ஆகியவற்றுக்குச் செலவிடுவதில் தயக்கம் வேண்டாம். பிளாக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இங்கே திருப்பினால், தடத்தைச் சுற்றிவரும் நேரம் அதைவிட அதிகமாகக் குறையும்.

ஓட்டும் முறையில் ஒன்றைக் கட்டாயம் பழக வேண்டும். கியர் மோட்டாரிலிருந்து வருபவர்கள் வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிடுவார்கள். மெதுவான வளைவில் அப்படிச் செய்தால் இஞ்சின் சுழற்சி கிளட்ச் பிடிக்கும் அளவுக்குக் கீழே இறங்கி, கிளட்ச் விட்டுப்போய், மோட்டார் இழுவையின்றி மிதக்கும். மறுபடியும் திருகும்போது ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு வெடுக்கென்று பிடிக்கும். சாய்ந்திருக்கும் நேரத்தில் அந்த வெடுக்கு ஆபத்தானது. பின்பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே ஆக்சிலரேட்டரையும் நூலளவு திறந்து வைத்திருந்தால் கிளட்ச் விடாது. இதை முதலில் நிதானமான வேகத்தில், காலியான தடத்தில் பழகுங்கள்.

ஓடி முடித்ததும், சுற்று நேரத்தையும் அன்றைய ரோலர் எடையையும் ஸ்பிரிங் எண்ணையும் அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெட்டி ஆறிய பிறகு மூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, பெல்ட்டின் பற்களுக்கிடையில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். வெடிப்பு கண்ணில் பட்டால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள். மழையில் ஓடியிருந்தால் தட்டுகளையும் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரமான பெல்ட் வழுக்கும். கண்ணாடியைக் கழற்றி விளக்கை மூடிய மோட்டாரைச் சாலையில் ஓட்டி வீடு திரும்ப முடியாது. ஆகவே வேனோ லாரியோ காலையிலேயே ஏற்பாடு செய்து, முன்சக்கரத்தை இரு பக்கமும் பட்டையால் கட்டி ஏற்றி வாருங்கள்.