கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டியங்காரன் பொம்மை

காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேஷம் வருவதற்கு முன்பே கட்டியங்காரன் வந்துவிடுவான். கோமாளிதான். ஆனால் திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனனை "நீங்க யாரு?" என்று கேட்டு, பேச வைப்பவன் அவனே. மேடை என்றாலே ஒளியும் பிள்ளைகளுக்கும் அப்படியொருவன் வேண்டும். என் நாடக வகுப்புக்கு அவனைக் கைப்பொம்மையாகச் செய்துகொண்டேன்.

முதலில் பசை. 1 டம்ளர் மைதாவை 4 டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். பளபளவென்று கஞ்சிப் பதம் வந்ததும் இறக்குங்கள். போஸ்டர் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் தொடும் பொம்மைக்கு வேண்டவே வேண்டாம். 1 ஸ்பூன் உப்பு போதும்.

பலூனை ஆரஞ்சுப்பழ அளவுக்கு ஊதி முடிச்சுப் போடுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுழையும்படி அட்டையைச் சுருட்டி, முடிச்சைச் சுற்றிக் கழுத்தாக ஒட்டுங்கள். செய்தித்தாளைக் கையால்தான் கிழிக்க வேண்டும். கத்தரித்த ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்; கிழித்த ஓரம் நார்நாராக இருப்பதால் அடுத்த துண்டோடு படிந்துவிடும். 2 அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, பிறகு 3 அடுக்கு. பசையில் நனைத்த காகிதத்தை உருட்டி, பெரிய மூக்காக வையுங்கள். நிழலிலேயே காயட்டும், வெயிலில் பலூன் வெடிக்கும்.

வெள்ளை பூசி, மேலே போஸ்டர் கலர். ஒரு புருவத்தை மட்டும் தூக்கி வரையுங்கள். கேள்வி கேட்கிறவனுக்கு அந்த முகம்தான் பொருந்தும். சார்ட் அட்டையில் கூம்புத் தொப்பி.

பழைய லுங்கியை இரண்டாக மடித்து, கையை விரித்து வைத்து, 1 அங்குலம் தள்ளி வரைந்து வெட்டித் தைத்தால் சட்டை. ஆள்காட்டி விரல் தலைக்கு. கட்டைவிரலும் நடுவிரலும் கைகளுக்கு.

இனி வகுப்பு. "நடிச்சுக் காட்டு" என்று யாரையும் சொல்லாதீர்கள். இருவர் போர்வையைத் திரையாகப் பிடிக்கட்டும், கூச்சப்படும் பிள்ளை பின்னால் நிற்கட்டும். பொம்மை கேட்கட்டும். நீங்களும் பொம்மையையே பாருங்கள். பிள்ளையின் கண் உங்களிடம் வராது.

போன மாதம் ஒரு சிறுமி ஒரு காலை மட்டும் திரைக்கு வெளியே நீட்டினாள்.

"யாருங்க இது?"

"கொக்கு."

"இன்னொரு கால் எங்கே?"

"கொக்கு ஒத்தக்கால்லதான் நிக்கும், தெரியாதா?"

திரை ஒரு சாண் இறங்கியது.