இரவல் கொடுத்த பொருள் கை மாறினால்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தின் ஸ்டோர் சாவி பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கு ஆபீஸ் பொருள்களை இரவல் கொடுத்து வாங்கும் வேலையைப் பழக்கும்போது, நான் அன்று செய்த தவறுகளையே அவளும் வரிசையாகச் செய்தாள். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் எழுது, அலமாரியைப் பூட்டு என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதியில் கை மாற விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். ஒரு தைப்பூசத்துக்கு மார்க்கெட்டிங் தம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் கேமராவை எடுத்துப் போனார். ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் சிதறுதேங்காய், பை நனைந்துவிட்டது. வேலை முடிந்ததும் கணக்குப் பிரிவு அண்ணனிடம் கொடுத்தார், அவர் வீட்டில் நிச்சயதார்த்தம். அண்ணன் இன்னொருவரிடம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பை என் மேசைக்கு வந்தது. "வச்சிட்டோம்க்கா" என்று ஒரு வாட்ஸ்அப். நானும் திறந்து பார்க்காமல் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மாதம் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் வெள்ளை நூல்கள். பூசணம். பையிலிருந்த, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் ஈரம் நிறைந்து, நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தன. பினாங்குக் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். நனைந்த பைக்குள் அடைபட்ட லென்ஸுக்கு வேறென்ன வேண்டும்? பூசணம் மேல்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மூன்று பேரையும் கேட்டேன். "என்கிட்ட இருந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு." யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் இருந்தது தம்பி பெயர் மட்டும். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. வேலையை விட்டுப் போகும்வரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது ஒரு பொருள் அடுத்தவர் கைக்குப் போக வேண்டுமானால் என் மேசைக்கு வந்துதான் போகும். லென்ஸ், இரண்டு பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு எல்லாவற்றையும் கொண்டுவந்தவர் கண்முன்னே எண்ணுகிறேன். பிறகுதான் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதுகிறேன். கேமரா 45 விழுக்காடு ஈரப்பதம் வைத்த டிரை கேபினட்டில், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியில், இருக்கிறது.

தேதி போடாமல் கொடுப்பது

"முடிஞ்சதும் தரேன்" என்பது தேதி ஆகாது.

மேலதிகாரிக்கு விதிவிலக்கு

வேண்டாம்.

புரொஜெக்டரை அவசரமாக மூட்டை கட்டுவது

பல்பு போட்ட ரகமாக இருந்தால், அணைத்த பிறகும் விசிறி சற்று நேரம் ஓடும். கூட்டம் முடிந்த வேகத்தில் பிளக்கைப் பிடுங்கினால் சூடு உள்ளேயே தங்கும். பல்பு சீக்கிரம் போய்விடும். விசிறி நிற்கும்வரை காத்திருந்து எடுக்கும்படி, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பதிவேட்டில் சேர்க்காதது

சின்னப் பொருள்தானே என்று விடுவார்கள். அது காணாமல் போனதும் யாராவது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாக ஒன்றை வாங்கிவந்து வைப்பார்கள். அதில் மலேசியத் தரச் சான்றான சிரிம் லேபிள் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லாததை நான் ஸ்டோருக்குள் விடுவதில்லை.