பழைய கார் எஞ்சினுக்கு ஏற்ற ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் பலர், அதன் மேலுள்ள அன்பினால், கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த, மிக அண்மைக்காலத் தர முத்திரை பெற்ற ஆயிலைத் தேடி வாங்கி ஊற்றுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த ஆயில் இன்றைய எஞ்சின்களின் தேவைக்காகத் தயாரிக்கப்பட்டது; பல பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்ட எஞ்சினின் தேவை வேறு. அந்தத் தேவையை அறிந்து ஆயில் வாங்கும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: காரின் கையேட்டைப் பாருங்கள்

எந்த வெப்பநிலையில் எந்தக் கிரேடு (20டபிள்யூ-50 போன்ற கெட்டித்தன்மைக் குறியீடு) ஆயில் ஊற்ற வேண்டும் என்ற அட்டவணை பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். அந்தக் கிரேடு இன்றும் செல்லும். அதனுடன் குறிப்பிடப்பட்டிருக்கும் எஸ்.சி., எஸ்.டி., எஸ்.இ. போன்ற, ஏ.பி.ஐ. எனும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக் குறியீடுகள் மட்டுமே காலாவதியாகிவிட்டன. ஆகவே கிரேடைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, தரத்தை மூன்றாம் படியில் சொல்லும் முறையில் முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: டப்பாவில் உள்ள எண்களைப் படிக்கப் பழகுங்கள்

20டபிள்யூ-50 என்பதில் உள்ள இரு எண்களும் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் காட்டுகின்றன. 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரையிலும், 50 கிரேடு ஆயிலுடையது 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும். பழைய எஞ்சின்களில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு விடப்பட்ட இடைவெளி பொதுவாக அதிகம். ஓடித் தேய்ந்தவற்றில் அது இன்னும் கூடியிருக்கும். 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த ஆயில் அந்த இடைவெளி வழியே விரைவாக வழிந்துவிடுவதால், சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் அழுத்தம் இறங்கிவிடும். அதற்காகத் தேவைக்கு மீறிக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் தவறு: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அது மேலுள்ள பாகங்களைச் சென்றடையத் தாமதமாகும், தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் ஏற்படுகிறது.

மூன்றாம் படி: துத்தநாகத்தின் அளவைக் கவனியுங்கள்

பழைய எஞ்சினுக்கு ஆயில் வாங்குவோர் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில், வால்வுகளைத் திறக்கச் செய்யும் கேம் எனும் மேடுகள் கொண்ட சுழல் தண்டான கேம்ஷாஃப்ட்டுக்கும் வால்வை இயக்கும் பாகத்துக்கும் இடையே உருளும் ரோலர் உண்டு. பழைய எஞ்சின்களிலோ கேமின் முனை, வால்வை நோக்கி அசைவைக் கடத்தும் தட்டையான டேப்பெட்டின் மீது நேரடியாகத் தேய்த்துக்கொண்டே செல்கிறது. தொடும் பரப்பு மிகச் சிறியது. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் அதன் மேல் இறங்குவதால், அந்த இடத்தில் ஆயில் படலம் மட்டும் தாக்குப்பிடிக்காது. 1940களிலிருந்து ஆயிலில் சேர்க்கப்பட்டுவரும் இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் இங்கேதான் உதவுகிறது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தானே தேய்கிறது.

அதே பாஸ்பரஸ், எரிந்த ஆயிலுடன் புகைக்குழாய்க்குள் சென்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறனைக் கெடுக்கிறது. அதனால் 2004-இல் வந்த எஸ்.எம். என்ற ஏ.பி.ஐ. தரம், 30 மற்றும் அதற்குக் குறைந்த கிரேடு ஆயில்களில் பாஸ்பரஸின் உச்ச அளவை 0.08 சதவீதமாகக் குறைத்தது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான கிரேடுகளை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. ஆயினும் கிரேடை மட்டும் நம்பி வாங்காமல், தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் துத்தநாகமும் பாஸ்பரஸும் ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 1,000 முதல் 1,400 பங்கு வரை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே போதிய அளவு உள்ள ஆயிலில், தனிப்புட்டியில் விற்கப்படும் துத்தநாகக் கலவையையும் சேர்க்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவே உலோகப் பரப்பை அரிக்கக்கூடும்.

நான்காம் படி: எஞ்சினின் உட்புறத்தை அறிந்துகொள்ளுங்கள்

அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கலந்த ஆயில் நல்லதுதான். ஆனால் பல ஆண்டுகள் டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் ஓடிய எஞ்சினில் அதைத் திடீரென ஊற்றினால், அடியில் படிந்திருந்த கசடு பெயர்ந்து, ஆயில் பம்பின் வலையை அடைத்துவிடலாம். ஆகவே முதலில் சம்ப் எனப்படும் அடித்தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். காற்றால் குளிரூட்டப்படும் பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் ஃபில்டர் கிடையாது, ஒரு வலை மட்டுமே உண்டு. கொள்ளும் ஆயிலும் ஏறத்தாழ 2.5 லிட்டர்தான் என்பதால், அதில் ஆயிலை அடிக்கடி மாற்றுவதே ஒரே பாதுகாப்பு. பழைய மினி காரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர்ப் பற்கள் அதை நசுக்கி விரைவில் நீர்க்கச் செய்துவிடும்.

வேதிமுறையில் தயாரிக்கப்படும் சிந்தெட்டிக் ஆயில், கசிவைத் தடுக்கும் பழைய சீல்களைத் தின்றுவிடும் என்ற அச்சம் இன்றைய தயாரிப்புகளுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் நடப்பது, இதுவரை கசடு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை திறந்துகொள்வதுதான். எப்படியும் ஆண்டுக்கொரு முறை மாற்றப்போகும் ஆயில் என்பதால், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் நல்ல மினரல் ஆயிலே போதும் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: ஆயிலை மாற்றி, அழுத்தத்தைச் சரிபாருங்கள்

எஞ்சினைச் சூடாக்கிப் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றி, டிப்ஸ்டிக்கின் மேற்கோடு வரை நிரப்புங்கள். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.முக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் பொதுக் கணக்கு. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். குறைவாக ஓடும் காரானாலும், சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டர் தரும் மிகைப் பெட்ரோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலந்து அமிலமாக்குவதால், ஆண்டுக்கொரு முறையாவது அதை மாற்றிவிடுங்கள். காரை நீண்ட நாள் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள்; இல்லையெனில் அந்த அமிலம் மாதக்கணக்கில் பேரிங்குகளின் மேலேயே தங்கியிருக்கும்.